எதிர் முறுக்கு

ஜூன் 3

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. படி ஏறும்போது மட்டும் கொஞ்சம் முணுமுணுக்கிறது. அக்காவும் நலம், அக்காவின் ரத்தக்கொதிப்பும் ஒரு குறைவும் இல்லாமல் நலமாகவே இருக்கிறது.

போன் செய்தால் "ஆங்? ஆங்? சத்தமா பேசு" என்கிறீர்கள். மெசேஜ் அனுப்பினால் "சரி" என்று ஒரு வார்த்தை வருகிறது. சாப்பிட்டாச்சா என்றால் சரி. அடுப்பை அணைத்தீர்களா என்றால் சரி. நேற்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று கேட்டதற்கும் சரி! அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதம் என்றால் நாலு வரியாவது எழுதித்தானே ஆக வேண்டும்.

பதினைந்து நாள் என்று சொல்லிவிட்டு வந்தேன், இரண்டு மாதம் ஓடிவிட்டது. கோபித்துக்கொண்டு வந்தேன் என்று நினைக்காதீர்கள். கோபம் இருந்தால் அங்கேயே இருந்து தீர்த்திருப்பேன். எனக்குப் பயம். குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல், நாற்பது நிமிஷம் உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். டாக்டர் கொடுத்த காது மிஷின் மேஜை டிராயரில் தூங்கிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து, யாரோ எவரோ கூப்பிட்டாலும் "சொல்லுங்க" என்றவள் நான். அன்றைக்கு எனக்கு ஒரு "சொல்லு" கிடைக்கவில்லை. நம் இரண்டு பேரைத் தவிர ஆளில்லாத வீடு. அடுத்த தடவை விழுந்தால் என்ன ஆகும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஸ்வெட்டரை இங்கே எடுத்து வந்திருந்தேன் அல்லவா? உடம்பு முடிந்தது, கழுத்தும் முடிந்தது. கை இரண்டுக்கும் நூல் இல்லை. நான் போன வருஷம் நூற்றுச் சுற்றி வைத்த சாம்பல் நிறக் கம்பளி நூல் சிட்டம் மூன்று, இரும்பு அலமாரியின் மேல் தட்டில் துணிப்பையில் இருக்கிறது. கையால் நூற்ற நூலுக்கு ஜோடி கடையில் கிடைக்காது, அதனால் அதையேதான் அனுப்ப வேண்டும். குளிர் தொடங்குவதற்குள் முடித்துவிடுகிறேன்.

இன்னொன்று. அக்கா வீட்டு மாடி அறையில் இருப்பவர்கள் ஜூலைக் கடைசியில் காலி செய்கிறார்கள். "நீயே வந்து இருந்துக்கோயேன், நான் கூப்பிடற தூரத்துல இருப்பேன்" என்கிறாள் அக்கா. 31ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்னும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுப்பு, தண்ணீர்க் குழாய், வாசல் கதவு. மூன்றையும் படுக்கப் போகும் முன் கையால் தொட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

ஜூன் 10

அன்புள்ள ஆபரேட்டர் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். மாடி அறை பற்றி எழுதிய பத்தியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே.

நான் சௌக்கியம். அடுப்பு, குழாய், கதவு மூன்றையும் தொட்டுப் பார்க்கிறேன். தொட்டேனா என்று சந்தேகம் வந்து எழுந்துபோய் மறுபடியும் தொடுகிறேன். பட்டறையில் முப்பத்து நாலு வருஷம் தகடு அமுக்கும் மிஷினில் நின்றவனுக்கு, ஒரு குழாயை நம்ப முடியவில்லை பார்.

சிட்டம் மூன்றும் நீ சொன்ன இடத்திலேயே இருந்தன. பத்திரமாக இருக்கின்றன. இரண்டு நாளில் அனுப்பிவிடுகிறேன். கூரியர் கடைக்காரர் ஏதோ விசேஷமாம், ஊரில் இல்லை. வந்ததும் அனுப்புகிறேன். அவசரம் ஒன்றும் இல்லையே?

அதிருக்கட்டும். எதிர்வீட்டுக்காரர் ஒரு சந்தேகம் கேட்டார். கம்பளி நூலை, சும்மா ஒரு பேச்சுக்கு, நல்ல கொதிக்கிற வெந்நீரில் சோப்புப் பொடி போட்டு ஊறவைத்துக் கொஞ்சம் கசக்கிவிட்டால், அது சுருங்குமாம். சுருங்கினதை மறுபடி நீட்ட ஏதாவது வழி உண்டா என்று உன்னிடம் கேட்கச் சொன்னார். தெரிந்தால் எழுது. பாவம், ரொம்பக் கவலையாக இருக்கிறார்.

ரப்பர் விரிப்பு ஒன்று வாங்கிக் குளியலறையில் போட்டிருக்கிறேன். தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் பட்டறைக்காரன்

ஜூன் 17

அன்புள்ள உங்களுக்கு,

எதிர்வீட்டுக்காரருக்கு ஏது கம்பளி நூல்? அவர் பனியனைத் தவிர வேறு ஏதாவது போட்டு நான் பார்த்ததில்லை. காதில் பூ சுற்றாதீர்கள். அதுவும் நீங்கள் போய் என் காதில்!

இருந்தாலும் கேட்டதற்குப் பதில்: வழி கிடையாது. கம்பளியை வெந்நீரில் கசக்கினால் இழையெல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கட்டியாகிவிடும். பிறகு இழுத்தாலும் வராது, வெட்டினாலும் நூலாகாது. எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அவர் மனைவியிடமும் உண்மையைச் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

என் சிட்டம் எங்கே? இரண்டு நாள் என்றீர்கள், ஒரு வாரம் ஆகிவிட்டது. கூரியர் கடைக்காரர் என்ன, சந்திரனுக்கா போயிருக்கிறார்?

இங்கே கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அக்காவின் நாற்காலிக்குக் குரோஷா கொக்கி ஊசியில் உறை பின்னினேன். டீப்பாய்க்குப் பின்னினேன். அக்கா பயந்துபோய்த் தன் கைப்பையை எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டாள். ஆனால் கடைநூலில் பின்னுவது எனக்கு ருசிக்கவில்லை. எல்லாம் நூல் பிடித்தாற்போல் ஒரே கனம், ஒரே வழுவழுப்பு. என் ராட்டையில் என் காலால் மிதித்து, என் விரலுக்குள் கம்பளி இழையாகி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, இது எந்தத் தோளில் உட்காரப் போகிறது என்று யோசித்து நூற்றதைப் பின்னும்போது வருகிற சந்தோஷம் வேறு. ராட்டைக்கு ஏங்குகிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அதன்மேல் ஒரு துணி போட்டு மூடியிருக்கிறீர்களா? தூசி படிய விடாதீர்கள்.

தாழ்ப்பாளைக் கழற்றியதற்குச் சந்தோஷம். ஆனால் நான் கூப்பிட்டால்தானே நீங்கள் அந்தக் கதவைத் திறப்பீர்கள்? கூப்பிட்டது கேட்டால்தானே? டிராயரில் இருப்பதைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. நானும் இனிக் கேட்கப் போவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

ஜூலை 6

அன்புள்ள ஆபரேட்டர் அம்மாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். இத்துடன் ஒரு சிட்டம் அனுப்பியிருக்கிறேன். மற்ற இரண்டும் பின்னால் வரும். மூன்றையும் ஒன்றாக அனுப்பினால், பார்சல் தொலைந்தால் மூன்றும் போய்விடுமே என்று ஒரு முன்னெச்சரிக்கை.

நூல் முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் வித்தியாசமாகத் தோன்றினால், அது அலமாரியில் ரொம்ப நாள் இருந்ததால் இருக்கலாம். சில இடத்தில் பருமனாகவும் சில இடத்தில் சன்னமாகவும் தெரியலாம். வெயில் காலத்தில் தண்டவாளமே நீள்கிறதே.

ராட்டையில் தூசி இல்லை. அதற்கு நான் பொறுப்பு.

மாடி அறை விஷயம் என்ன ஆயிற்று? நூல் விட்டுப் பார்க்கிறேன் என்று நினைக்காதே, சும்மாதான் கேட்கிறேன். அந்த வீட்டு மாடிப்படி ரொம்பச் செங்குத்து. உன் முழங்காலுக்கு ஆகாது. இது என் அபிப்பிராயம் மட்டுமே. ஸ்வெட்டரையும் அவசரப்பட்டு முடிக்க வேண்டாம். இந்த வருஷம் குளிர் குறைவு என்று பேப்பரில் போட்டிருக்கிறான். நீ அதை முடித்துப் பார்சலில் அனுப்பிவிட்டால், பிறகு எனக்குக் கடிதம் எழுத உனக்கு என்ன காரணம் இருக்கப் போகிறது?

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். கிடக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பட்டறைக்காரன்

ஜூலை 12

உங்களுக்கு,

பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தேன். முதலில் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். என் ராட்டையை யாருக்குக் கொடுத்தீர்கள்?

இது என் நூல் இல்லை. பெற்ற பிள்ளையை மாற்றி வைத்தால் தாய்க்குத் தெரியாதா? கனம் ஏறி இறங்குவதை விடுங்கள், அலமாரியில் நீண்டுபோன கதையையும் விடுங்கள். முறுக்கே மாறியிருக்கிறது. நான் இழையை வலப்பக்கமாக முறுக்குவேன், இரண்டு இழையைச் சேர்க்கும்போது இடப்பக்கமாகத் திருப்புவேன். இத்தனை வருஷத்தில் ஒரு சிட்டம்கூட மாறியதில்லை. இதில் எல்லாம் தலைகீழ். ஊசியில் போட்டு நாலு வரிசை பின்னினேன், கண்ணிக்குக் கண்ணி முறுக்கு தளர்ந்து இரண்டு இழையும் தனித்தனியாக நிற்கிறது. இப்படியே போனால் பிரிந்துவிடும்.

அக்கா சிரிக்கிறாள். "வேற எவளாவது வந்து உக்காந்துட்டாளோ என்னமோ"ன்னு கேலி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எவளாவது வந்து உட்கார்ந்திருந்தால்கூட நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பேன். எனக்கு வேறு பயம். இவள் இனி எங்கே வரப்போகிறாள், ராட்டை எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று நீங்கள் யாரிடமோ தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள். அவர்கள் நூற்றதில் ஒன்றை வாங்கி எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். ராட்டை இருந்த ஜன்னலோரம் இப்போது காலியாக இருக்கிறது. இரண்டு நாளாக அந்தக் காலி இடம்தான் கண் முன்னால் நிற்கிறது.

அப்படியென்றால் சொல்லிவிடுங்கள். அக்காவுக்கு இன்றைக்கே சரி என்று சொல்லிவிடுகிறேன். 31 வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
நான்

ஜூலை 16

அன்புள்ளவளே,

உன் கடிதத்தில் என் கண் முதலில் போய் விழுந்த வார்த்தை "பிரிந்துவிடும்". நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்த பிறகுதான், நூலைச் சொல்கிறாய் என்று புரிந்தது. ஆனால் கடைசிப் பத்தியைப் படித்ததும் அந்த நிம்மதியும் போய்விட்டது.

ராட்டை இங்கேதான் இருக்கிறது. ஜன்னலோரம், அதே இடத்தில். யாருக்கும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். எவளும் வந்து உட்காரவில்லை. உட்கார்ந்தது நான்.

எதிர்வீட்டுக்காரருக்குக் கம்பளி கிடையாது. உனக்குத் தெரிந்திருக்கும். உன் சிட்டங்களை எடுத்தபோது அந்துருண்டை நாற்றம் தூக்கியடித்தது. அப்படியே அனுப்ப மனசு வரவில்லை. பட்டறையில் கிரீஸ் பட்ட சட்டையை எப்படித் துவைப்பேனோ, அப்படித் துவைத்தேன். கொதிக்கிற தண்ணீர், இரண்டு கை சோப்புப் பொடி, நல்ல கசக்கல். காய்ந்ததும் பார்த்தால் மூன்று சிட்டமும் மூன்று எலிக்குட்டி போலச் சுருண்டு கிடக்கின்றன. இழுத்தேன், இஸ்திரி போட்டேன், கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். பிறகு உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மூன்று நாள் அவற்றுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

கட்டிலுக்கு அடியில் நீ சீவி வைத்த கம்பளி ஒரு மூட்டை இருந்தது ஞாபகம் வந்தது. ராட்டையில் என்ன பெரிய வித்தை, மிஷின்தானே என்று உட்கார்ந்தேன். அடேயப்பா! முதல் நாள் ஒரு முழம்கூட நிற்கவில்லை. அறுந்து அறுந்து தரையெல்லாம் மயிர். இரண்டாம் நாள் கயிறு வந்தது, மாடு கட்டலாம். ஒரு வாரத்தில் விரலுக்குப் பிடிபட்டது. கம்பளியை எவ்வளவு விடுவது, எப்போது பிடிப்பது என்பது தலைக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிகிறது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வீட்டில் எனக்குக் கேட்கும் ஒரே பொருள் உன் ராட்டை. காதால் இல்லை. மிதிக்கும் காலிலும் இழை ஓடும் விரலிலும் அது பேசுகிறது. முறுக்கு ஏறினால் சொல்கிறது, அறுந்துவிடப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்கிறது. யாரும் என்னிடம் கத்தாமல் எனக்கு ஒன்று புரிவது எவ்வளவு நாளாயிற்று! காலையில் டீ குடித்துவிட்டு உட்கார்ந்தால் பதினொன்று ஆகிவிடுகிறது. நீ ஏன் அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாய் என்று இப்போது தெரிகிறது.

முறுக்கு ஏன் தலைகீழானது என்று எனக்குத் தெரியவில்லை. நீ சுற்றுவது போலத்தான் நானும் சுற்றினேன். இத்தனை வருஷமாகப் பார்த்ததுதானே. கண்ணை மூடினால் சக்கரம் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியும், அதே பக்கம்தான் ஓட்டினேன். தப்பு எங்கே என்று நீதான் சொல்ல வேண்டும்.

இனி டிராயர் விஷயம். நீ கேட்கப் போவதில்லை என்று எழுதினாய், அதனால் நானே சொல்கிறேன்.

மிஷினை நான் போட்டுக்கொள்ளவே இல்லை என்று நினைக்கிறாய். வாங்கி வந்த மறுநாள் போட்டேன். உன்னிடம் சொல்லாமல், திடீரென்று உன் பின்னால் வந்து நீ முணுமுணுப்பதற்குப் பதில் சொல்லி உன்னைத் தூக்கிவாரிப்போட வைக்க வேண்டும் என்று ஆசை. கூடத்தில் நின்றேன். நீ சமையலறையில் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாய். "சுவத்தோட குடித்தனம் பண்ற மாதிரி இருக்குக்கா. கத்திக் கத்தி என் குரலே எனக்குப் பிடிக்கலை" என்றாய். எவ்வளவு துல்லியமாகக் கேட்டது தெரியுமா? டாக்டர் நல்ல மிஷினாகத்தான் கொடுத்திருந்தார்.

அங்கேயே கழற்றினேன். கேட்காமல் இருந்தால் நீ அப்படிச் சொல்வதும் எனக்குத் தெரியாமல் இருக்கும் அல்லவா? அவ்வளவுதான் என் புத்தி. உனக்கு நாற்பது நிமிஷம் வலித்ததற்கு என் ரோஷம்தான் காரணம். அந்த நாற்பது நிமிஷமும் பேப்பரில் என்ன படித்தேன் என்று இன்றும் வரிக்கு வரி சொல்வேன். மறக்க மாட்டேன் என்கிறது.

நீ சொன்னது பொய் இல்லை. சுவர்தான். அக்காவிடம் என்ன சொல்வதென்று நீயே முடிவு செய். செங்குத்துப் படி என்று இனி எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
உன் சுவர்

ஜூலை 22

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அக்கா என்னவோ ஏதோ என்று பதறிப்போய்க் கேட்டாள். "ஒண்ணுமில்லைக்கா, எலிக்குட்டி"ன்னேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

முதலில் உங்கள் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் ராட்டையில் உட்கார்ந்தால் நீங்கள் எங்கே உட்காருவீர்கள்? எனக்கு எதிரில், உங்கள் பிரம்பு நாற்காலியில், முகத்துக்கு முன்னால் பேப்பரைப் பிடித்துக்கொண்டு. சக்கரத்துக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். என் பக்கத்திலிருந்து வலமாக ஓடுகிற சக்கரம் உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இடமாகத்தானே ஓடும்? நீங்கள் பார்த்ததை அப்படியே மனசில் வைத்துக்கொண்டு, என் இடத்தில் வந்து உட்கார்ந்து ஓட்டியிருக்கிறீர்கள். மிஷின் தெரிந்த மனுஷன், இது தோன்றவில்லையா!

இதை அக்காவின் மேஜை விசிறிக்கு முன்னாலும் பின்னாலும் நின்று பார்த்துக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷமும் அந்தப் பேப்பருக்குப் பின்னால் என்னைப் பார்க்காத ஒருவர் இருக்கிறார் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? எந்தப் பக்கம் சுற்றுகிறது, எப்போது திருப்புகிறேன் என்பதுவரை பார்த்திருக்கிறீர்கள். ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா? "பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்"னு ஒரு வார்த்தை. அதைச் சொல்வதற்குக் காது எதற்கு, வாய் போதுமே.

அடுத்தது நூல். ஊசியில் அது பிரிந்ததும் தூக்கிப் போட்டேன் என்றா நினைத்தீர்கள்? குரோஷா ஊசியை எடுத்தேன். இரட்டை ஊசிப் பின்னலிலும் குரோஷாவிலும் கை நூலைச் சுற்றுகிற விதம் வேறு வேறு. என் சாதாரண நூல் குரோஷாவில் எப்போதும் கொஞ்சம் தளரும், அதற்கு நானும் பழகிவிட்டேன். உங்களுடையது தலைகீழாக இருப்பதால் ஒவ்வொரு கண்ணிக்கும் இன்னும் இறுகுகிறது. இவ்வளவு அழுத்தமாக என் நூல்கூட உட்கார்ந்ததில்லை. பருமனான இடமெல்லாம் மொட்டு மொட்டாக நிற்கிறது, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் ஸ்வெட்டருக்கு உடம்பு என் நூலில், ஊசிப் பின்னல். கை உங்கள் நூலில், குரோஷா. ஊரில் யாரும் இப்படி ஒன்றைப் போட்டிருக்க மாட்டார்கள். ஒரு கை முழங்கை வரை வந்திருக்கிறது, சிட்டம் தீர்ந்துவிட்டது. மீதி இரண்டும் எங்கே? நூற்றாகிவிட்டதா, இல்லை அதற்கும் கூரியர்காரர் மேல் பழியா? நூற்கிறீர்கள் என்றால் தலைகீழாகவே நூற்றுவிடுங்கள். இப்போது போய்த் திருத்திவிடாதீர்கள்.

இனி போன் விஷயம்.

சொன்னேன். சுவர் என்றுதான் சொன்னேன். இல்லை என்று சாதிக்க மாட்டேன். அன்றைக்குக் காலையிலிருந்து ஒரே விஷயத்தை ஆறு தடவை உங்களிடம் கத்தியிருந்தேன். நீங்கள் கேட்டீர்கள் என்று தெரிந்ததும் என் வாயைப் பொத்திக்கொள்ளலாம் போல இருக்கிறது. கேட்காது என்று தெரிந்த ஆளுக்கு முதுகுப் பக்கம் பேசுவது எவ்வளவு கேவலம். எக்ஸ்சேஞ்சில் அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்டால் வேலை போய்விடும். நம் வீட்டில் ஒட்டுக்கேட்டவர் வேலை போகாமல், நான் அல்லவா வீட்டை விட்டு வந்திருக்கிறேன்!

ஆனால் அரைகுறையாகக் கேட்டுவிட்டு லைனைத் துண்டித்துவிட்டீர்கள். என் அனுபவத்தில் மனுஷர்கள் செய்யும் பெரிய தப்பு அதுதான். நான் அப்படிச் சொன்னதும் அக்கா, "அப்படின்னா பேசாம இங்க வந்துடேன்டி"ன்னா. அதற்கு நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதிலைக் கேட்க நீங்கள் இல்லை. அதற்குள் மிஷின் டிராயருக்குப் போய்விட்டது.

அந்தப் பதிலை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். 28ஆம் தேதி பகல் பஸ்ஸில் வருகிறேன். ஸ்வெட்டரை உங்கள் தோளில் வைத்து அளவு பார்க்க வேண்டும். மூன்று நாள் இருப்பேன். அந்தப் பதிலை உங்களுக்கு நேரில் சொல்வேன், என் எக்ஸ்சேஞ்சுக் குரலில், ஒரே ஒரு தடவை. கத்த மாட்டேன். திருப்பிச் சொல்ல மாட்டேன். கேட்டால் கேட்டதுதான். அதற்குப் பிறகு 31ஆம் தேதி அக்காவிடம் என்ன சொல்வது என்று பார்க்கலாம்.

எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்தீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் முதுகுப் பக்கம் விழுந்தால் பார்க்க முடியாது அல்லவா?

இப்படிக்கு,
எதிர் நாற்காலிக்காரி

ஜூலை 25

அன்புள்ள ஆபரேட்டர் அம்மாவுக்கு,

இது 28க்குள் உன் கைக்கு வருமோ வராதோ. வராவிட்டாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் கடிதம் கிடைத்த அன்றே மிஷினை எடுத்தேன். பேட்டரி செத்திருந்தது. கடைக்கு ஓடி நாலு ஜோடி வாங்கினேன், ஒரு ஜோடி சட்டைப் பையில் இருக்கிறது. இன்றைக்கு இரண்டாம் நாளாகக் காதில் இருக்கிறது. பேப்பரைப் புரட்டினால் தகரக் கூரையைப் பிரிப்பது போல இருக்கிறது. நான் மெல்லும் சத்தத்தை எனக்கே சகிக்கவில்லை, நீ எப்படி இத்தனை நாள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாய்? குளியலறைக் குழாய் சொட்டுகிறது. தொட்டுத் தொட்டுப் பார்த்தேனே, சொட்டுவது தெரியவில்லை. வாஷர் மாற்றிவிட்டேன்.

உன் ராட்டை கீச்சிடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கீச். இத்தனை வருஷமும் அது உன் காதுக்குள் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. எண்ணெய்க் கேனைக் கையில் எடுத்துவிட்டு, வைத்துவிட்டேன். உன்னைக் கேட்டுவிட்டுப் போடலாம்.

இரண்டாவது சிட்டம் தயார். தலைகீழாகவே நூற்றிருக்கிறேன். மூன்றாவது பாதி. அவசரமாக நூற்கிறேன், அதனால் மொட்டுகள் அதிகமாக இருக்கும்.

நேற்று சோதனை செய்தேன். எதிர்வீட்டுக்காரரைக் குளியலறைக்குள் நிறுத்திக் கூப்பிடச் சொன்னேன். "எதுக்கு?"ன்னார். "சும்மா கூப்பிடுங்க"ன்னேன். கூடத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் முதல் தடவை கூப்பிட்டதுமே கேட்டது. "சொல்லுங்க" என்றேன். மெதுவாகக் கூப்பிடச் சொன்னேன், அதுவும் கேட்டது. இன்னும் மெதுவாக என்றேன். மனுஷன் பனியனோடு அரை மணி நேரம் குளியலறையில் நின்றார். இனி நம் வீட்டுக்கு வருவாரா தெரியாது.

இருந்தாலும் பயமாக இருக்கிறது. அவர் குரல் தடித்த குரல். உன் எக்ஸ்சேஞ்சுக் குரலை நான் கேட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. அன்று போனில் கேட்ட அந்த இரண்டு வரியைத் தவிர, எனக்குத் தெரிந்தது நீ கத்தும் குரல் மட்டும்தான். அந்த மெதுவான குரல் எப்படி இருக்கும் என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன், வர மாட்டேன் என்கிறது. அந்தப் பதில் எனக்குப் பிடிக்காத பதிலாகவே இருந்தாலும் இந்தத் தடவை கழற்ற மாட்டேன். கடைசி வார்த்தை வரை கேட்பேன்.

28ஆம் தேதி பஸ் நிலையத்துக்கு வருகிறேன். பையை நான் தூக்குகிறேன், நீ முழங்காலைத் தூக்கிக்கொண்டு வா. ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு தடவைதான் சொல்வேன் என்று எழுதியிருக்கிறாய். அங்கே பஸ் ஹாரன் சத்தத்தில் வாய் தவறிச் சொல்லிவிடாதே. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, கதவைச் சாத்திவிட்டுச் சொல்.

இப்படிக்கு,
கேட்டுக்கொண்டிருப்பவன்